அத்தியாயம் 6: நிண்டெண்டோ 64-இல் ‘கோல்டன்ஐ 007’ – செட் பொருத்துவது முதல் இரண்டாவது மிஷன் வரை

சினிமாவை ஒட்டி வந்த வீடியோ கேம்களில் பெரும்பாலானவை, படம் தியேட்டரை விட்டுப் போவதற்குள் கடைக்கு வந்தாக வேண்டும் என்ற அவசரத்தில் செய்யப்பட்டவை. ‘கோல்டன்ஐ 007’ அந்த அவசரத்திலிருந்து தப்பிய கேம். பியர்ஸ் பிராஸ்னன் முதன்முதலாக ஜேம்ஸ் பாண்டாக நடித்த படம் 1995-இல் வெளியானது. கேம் 1997 ஆகஸ்டில்தான் வந்தது. இங்கிலாந்தின் ட்வைகிராஸ் ஊரில் இயங்கிய ரேர் நிறுவனத்தில், மார்ட்டின் ஹோலிஸ் தலைமையில் ஒரு சிறிய குழு அதை உருவாக்கியது. 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

இன்று முதல்முறையாக ஆடுகிறவர்கள் பாதியில் விட்டுவிடுவதற்கு இரண்டே காரணங்கள். ஒன்று, செட் சரியாக ஓடாது. இன்னொன்று, இன்றைய துப்பாக்கி கேம் ஆடும் பழக்கத்தில் ஓடிக்கொண்டே சுடுவார்கள். இது மெதுவாக ஆட வேண்டிய கேம். சத்தம் போடாதவர்தான் இதில் ஜெயிப்பார்.

செட் வாங்கும்போது

1. மண்டலத்தைப் பாருங்கள். அமெரிக்கக் கேசட்டும் ஐரோப்பியக் கேசட்டும் வெளியே ஒரே வடிவம்தான். ஆனால் ஐரோப்பியக் கேசட் அமெரிக்கச் செட்டில் உட்காருமே தவிர ஓடாது. ஜப்பான் கேசட்டின் பின்பக்கம் சற்று வேறு மாதிரி இருப்பதால் அமெரிக்கச் செட்டில் இறங்கவே இறங்காது. செட்டும் கேசட்டும் ஒரே மண்டலமாக இருக்கட்டும்.

2. செட்டின் முன்பக்கம், நடுவில் உள்ள சிறு மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே ‘ஜம்பர் பேக்’ அல்லது ‘எக்ஸ்பான்ஷன் பேக்’ என்ற சிறு பெட்டி இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் விளக்கு எரியும், படம் வராது. “செட் ரிப்பேர்” என்று குறைந்த விலைக்கு வருபவற்றில் இது மட்டுமே குறையாக இருப்பதும் உண்டு. இந்தக் கேமுக்கு ஜம்பர் பேக்கே போதும். கூடுதல் விலை கொடுத்து எக்ஸ்பான்ஷன் பேக் வாங்கத் தேவையில்லை.

3. கன்ட்ரோலரின் நடுக்குச்சியை எல்லாப் பக்கமும் அசைத்துப் பாருங்கள். விட்டவுடன் நேராக நிற்க வேண்டும். தளர்ந்து தொங்கினாலோ, அடியில் வெள்ளைத் தூள் தெரிந்தாலோ, உள்ளே பிளாஸ்டிக் தேய்ந்துவிட்டது. குறி பார்த்துச் சுடும் கேமுக்கு அந்தக் கன்ட்ரோலர் உதவாது.

4. கேசட் அசல்தானா என்று சோதிக்க, முதல் மிஷனை முடித்துவிட்டு செட்டை அணைத்து மீண்டும் போடுங்கள். முடித்தது பதிவாகியிருக்க வேண்டும். இந்தக் கேசட்டில் பதிவு, பேட்டரி தேவைப்படாத சிப்பில் தங்குகிறது. ஆகவே “பேட்டரி தீர்ந்துவிட்டது, மாற்றினால் சரியாகும்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பதிவு நிற்காத கேசட் பழுதானது, அல்லது போலி.

மின் இணைப்பு: இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம்

செட் எரிந்து போவது பெரும்பாலும் இங்கேதான். அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட்டுக்கும் ஜப்பானிய அடாப்டர் 100 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டவை. நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட். பிளக் பின்னின் வடிவத்தை மட்டும் மாற்றித் தரும் சிறிய கன்வெர்ட்டர் மின்னழுத்தத்தைக் குறைக்காது. அதைச் செருகி சுவிட்ச் போட்டால் அடாப்டர் புகைந்துவிடும்.

1. அடாப்டரின் அடியில் உள்ள லேபிளைப் படியுங்கள். ‘இன்புட்’ என்ற இடத்தில் 220–240 வோல்ட் என்று இருந்தால் மட்டும் நேராகச் சுவரில் செருகலாம்.

2. 120 வோல்ட் அடாப்டர் என்றால் இரண்டு வழி. நல்ல ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கி அதன் வழியாகக் கொடுங்கள். அல்லது பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்காகச் செய்த அசல் அடாப்டரை வாங்குங்கள். எந்த நாட்டு அடாப்டராக இருந்தாலும் செட்டுக்குள் அனுப்புவது ஒன்றுதான்: 3.3 வோல்ட், 12 வோல்ட் என்ற இரண்டு நேர்மின் அழுத்தங்கள். பின்பக்கம் செருகும் வடிவமும் ஒன்றே. எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. டிரான்ஸ்ஃபார்மரை இடையில் போட மறந்து நேராகச் செருகிவிடும் ஆபத்து அதில் இல்லை.

3. கேசட்டையும் கன்ட்ரோலரையும் பொருத்திவிட்டு, கடைசியில் சுவர் சுவிட்சைப் போடுங்கள். பிறகுதான் செட்டின் பவர்.

4. செட் ஓடும்போது கேசட்டைத் தொடவே கூடாது. கேசட்டை ஒரு பக்கமாகச் சாய்த்தால் கேமில் உள்ள ஆட்கள் உடல் முறுக்கி ஆடுவார்கள் என்று வீடியோக்களில் காட்டுவார்கள். குழந்தைகள் பார்த்துவிட்டுச் செய்ய ஆசைப்படுவார்கள். அது இணைப்பு முறிவதால் நடப்பது. பதிவும் போகலாம், செட்டும் பழுதாகலாம்.

படம் வரவில்லையா? முதலில் சுத்தம் செய்யுங்கள்

கேசட்டின் வாயில் ஊதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எச்சில் ஈரம் செப்புப் பட்டைகளை அரிக்கும்.

1. செட்டை அணைத்து, பிளக்கை எடுத்துவிடுங்கள்.

2. மருந்துக் கடையிலோ எலெக்ட்ரானிக்ஸ் கடையிலோ ஐசோபுரோபைல் ஆல்கஹால் வாங்குங்கள். 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்லது. நெயில் பாலிஷ் ரிமூவர், பெட்ரோல், தண்ணீர் எதுவும் வேண்டாம்.

3. காது பட்ஸ் ஒன்றை அதில் லேசாக நனைத்து, கேசட்டின் அடியில் தெரியும் பட்டைகளின் மேல் நீளவாக்கில் தேய்த்து எடுங்கள். பஞ்சில் கறுப்பு ஏறும். கறுப்பு ஏறுவது நிற்கும்வரை புதுப் பட்ஸ் எடுத்துத் தொடருங்கள். இரு பக்கமும் செய்ய வேண்டும்.

4. பத்து நிமிடம் காய விட்டுப் பொருத்துங்கள். பக்கத்தில் விளக்கு, ஊதுபத்தி எதுவும் எரியக் கூடாது. இந்தத் திரவம் எளிதில் தீப்பற்றும்.

உள்ளே திறந்து பார்க்க வேண்டுமானால் சாதாரண ஸ்குரூ டிரைவர் பொருந்தாது. கேசட்டுக்கு 3.8 மில்லிமீட்டர், செட்டுக்கு 4.5 மில்லிமீட்டர் ‘கேம்பிட்’ முனை வேண்டும். கத்திரிக்கோல் முனையால் நெம்பினால் ஸ்குரூவின் தலைதான் கெடும்.

டிவியில் இணைப்பது

மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று முனை கொண்ட ஏவி வயர் போதும். அமெரிக்கச் செட்டை இணைத்ததும் படம் கருப்பு வெள்ளையாக வந்தாலோ மேலும் கீழும் உருண்டாலோ, டிவி மெனுவில் வண்ண முறையை ‘என்டிஎஸ்சி’க்கு மாற்றுங்கள்.

புதிய டிவியில் ஏவி துளை இல்லையென்றால் எச்டிஎம்ஐ-க்கு மாற்றும் சிறு பெட்டி வேண்டும். மலிவான பெட்டியில் பட்டனை அழுத்துவதற்கும் திரையில் சுடுவதற்கும் இடையே தாமதம் ஏற்படலாம். டிவியின் ‘கேம் மோடு’ இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். தாமதம் கொஞ்சம் குறையும். வீட்டில் பழைய பெட்டி டிவி இருக்குமானால் அதில் ஆடுவதுதான் நல்லது. கேம் அந்தத் திரைக்காகவே செய்யப்பட்டது, தாமதமும் இல்லை. ஆனால் பெட்டி டிவியின் பின்மூடியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

அகலத் திரையில் ஆட்கள் குட்டையாகத் தெரிந்தால் கேமுக்குள்ளேயே மாற்று வழி உண்டு. ஸ்டார்ட்டை அழுத்தினால் பாண்ட் தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், அதுதான் மெனு. அதில் ‘ரேஷியோ’ என்ற இடத்தில் 16:9 தேர்ந்தெடுங்கள். 1997-இல் இதை யோசித்து வைத்திருக்கிறார்கள்.

*குறிப்பு:* செட்டே வேண்டாம் என்பவர்களுக்காக, 2023 ஜனவரியில் இந்தக் கேம் நிண்டெண்டோ சுவிட்சிலும் எக்ஸ்பாக்ஸிலும் மறுபடி வந்தது. எக்ஸ்பாக்ஸில் இரண்டு குச்சிக் கட்டுப்பாடு உண்டு. வேறு ஊரில் இருப்பவருடன் இணையத்தில் ஆட வேண்டுமானால் சுவிட்ச். கீழே வரும் மிஷன் குறிப்புகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

கையில் பிடிப்பதும் பட்டன் அமைப்பும்

இந்தக் கன்ட்ரோலருக்கு மூன்று கைப்பிடிகள். புதியவர்கள் ஓரத்தில் இருக்கும் இரண்டையும் பிடித்துக்கொண்டு நடுக்குச்சிக்கு விரல் எட்டவில்லை என்பார்கள். இடக்கையை நடுப்பிடியில் வையுங்கள். கட்டைவிரல் குச்சி மேலும், ஆள்காட்டி விரல் பின்னால் உள்ள இசட் பட்டன் மேலும் தானாகப் போய் உட்காரும். வலக்கை வலது பிடியில்.

1. பவர் போடும்போது குச்சியைத் தொடாதீர்கள். அப்போது குச்சி எங்கே இருக்கிறதோ அதையே நடு என்று செட் எடுத்துக்கொள்ளும். ஆடும்போது பார்வை தானாக ஒரு பக்கம் திரும்பினால் குச்சியை விட்டுவிட்டு எல், ஆர், ஸ்டார்ட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்.

2. தொடக்கத்தில் வருவது 1.1, பெயர் ‘ஹனி’. குச்சியால் நடப்பதும் திரும்புவதும். நான்கு மஞ்சள் சி பட்டன்களால் பக்கவாட்டில் நகர்வதும் மேலே கீழே பார்ப்பதும்.

3. இன்றைய கேம்களில் பழகிய கை என்றால் 1.2 ‘சாலிட்டேர்’ அமைப்புக்கு மாறுங்கள். குச்சியால் பார்வை, சி பட்டன்களால் நடை. கைக்கு வர ஒரு மாலை பிடிக்கும். அதன்பின் 1.1-க்குத் திரும்ப மனம் வராது.

4. ஆர் பட்டனைப் பிடித்தால் நின்ற இடத்திலிருந்து குறி பார்க்கலாம். ஆர் பிடித்தபடி சி-யின் கீழ் பட்டனை அழுத்தினால் குனிவீர்கள்.

5. ஏ துப்பாக்கி மாற்ற. பி கதவு திறக்கவும் தோட்டா நிரப்பவும்.

குச்சியை மேலே தள்ளினால் பார்வை கீழே போகிறது என்றால் கடிகார மெனுவில் ‘லுக் அப்/டவுன்’ என்பதை மாற்றுங்கள். ‘ஆட்டோ எய்ம்’ மட்டும் போட்டபடி இருக்கட்டும்.

முதல் மிஷன்: டேம்

படம் தொடங்குவதும் இந்த அணையில்தான். சுவிட்சர்லாந்தின் வெர்சாஸ்கா அணையில் எடுத்த அந்தக் குதி நினைவிருக்கும். கேமில் அதுவே குறிக்கோள்: ‘ஏஜென்ட்’ நிலையில் அணையின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மேடைக்குப் போய் அதன் முனையிலிருந்து இறங்கினால் முடிந்தது. ‘சீக்ரெட் ஏஜென்ட்’ நிலையில் அலாரங்களையும் உடைக்க வேண்டும். ‘00 ஏஜென்ட்’ நிலையில் உளவு மோடம் பொருத்துவது, தரவுப் பிரதியை எடுப்பது என்ற இரண்டும் சேரும். மேலே போகப் போக வேலை கூடும், உயிர் குறையும்.

1. கையில் இருப்பது சத்தமில்லாத பிபி7. இதில் ஏழு தோட்டாக்கள். முதல் காவலாளியை நெருங்க வேண்டாம். தூரத்திலேயே நின்று, ஆர் பிடித்து, தலைக்குக் குறி வையுங்கள்.

2. சுட்டதும் தொப்பி மட்டும் பறந்து விழுந்து ஆள் நின்றால், குறி உயரமாகப் போய்விட்டது. தொப்பியில் பட்ட தோட்டா காவலாளியை ஒன்றும் செய்யாது. குறியைப் புருவம் அளவுக்கு இறக்கிக்கொள்ளுங்கள்.

3. முதல் காவல் கோபுரத்தில் ஏறி ஸ்னைப்பர் துப்பாக்கியை எடுங்கள். இனி சுரங்கப்பாதை வரை தெரியும் ஆட்களை இங்கிருந்தே முடிக்கலாம்.

4. விழுந்தவர்களின் கேஎஃப்7 துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் பயன்படுத்த அவசரப்படாதீர்கள். அதன் சத்தம் எட்டும் தூரத்தில் உள்ள காவலாளிகள் எல்லாரும் உங்களைத் தேடி வருவார்கள். புதியவர்கள் சாவது இங்கேதான்: ஒருவரைச் சுட்டார்கள், நால்வர் வந்தார்கள், நால்வரைச் சுட்டார்கள், எட்டுப் பேர் வந்தார்கள்.

5. பூட்டிய கம்பிக் கதவு வந்தால் சாவி தேட வேண்டாம். பூட்டைச் சுட்டால் உடையும்.

6. பெட்டிகள், கணினிகள் பக்கத்தில் நின்று சண்டை போடாதீர்கள். குண்டு பட்டால் வெடிக்கும். வெடிப்பில் உங்கள் உயிரும் போகும்.

இந்தக் கேமில் மருந்துப் பெட்டி கிடையாது. போன உயிர் அந்த மிஷன் முடியும்வரை திரும்பாது. கவச உடை கிடைத்தால் அடியைத் தாங்கும், அவ்வளவுதான். நிலை ஏற ஏற அதுவும் அரிதாகும். நடுவில் பதிவும் இல்லை, முழு மிஷனையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். பாதி தூரத்தில் பாதி உயிர் போய்விட்டதென்றால் கடிகார மெனுவில் ‘அபார்ட்’ கொடுத்து மறுபடி தொடங்குவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

*எச்சரிக்கை:* 00 நிலையில் மோடத்தை எறியும்போது அது ஒட்டிக்கொள்ளும் இடம் முக்கியம். தவறான சுவரில் ஒட்டினால் இன்னொன்று கிடைக்காது. மிஷன் அங்கேயே தோல்வி. எறிவதற்கு முன் ஒரு முறை மிஷன் குறிப்பைத் திறந்து படியுங்கள். பலர் அந்தக் குறிப்பைப் படிக்காமலே தாண்டிவிடுகிறார்கள், பிறகு எங்கே போவது என்று தெரியாமல் சுற்றுகிறார்கள்.

இரண்டாவது மிஷன்: ஃபெசிலிட்டி

கேமின் மிகச் சிறந்த லெவல் இதுதான் என்பது என் எண்ணம். காற்றுக் குழாய்க்குள் தொடங்கும். கீழே கழிவறை.

1. குழாயிலிருந்து இறங்கும் முன் அடியில் நிற்பவரைப் பிபி7-ஆல் முடியுங்கள். இறங்கியதும் கழிவறைக் கதவுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

2. படிக்கட்டு, தாழ்வாரம் எதிலும் கதவைத் திறந்தவுடன் உள்ளே போகாதீர்கள். திறந்து, ஓரமாக நின்று, வருபவர் வரட்டும்.

3. விழுந்த காவலாளிகளிடமிருந்து கீ கார்டுகள் கிடைக்கும். உடலுக்கு மேலாக நடந்தால் போதும்.

4. வெள்ளைக் கோட்டு போட்ட விஞ்ஞானிகளைச் சுடாதீர்கள். ஆய்வகப் பகுதியில் ஆட்டோ எய்ம் அவர்கள் பக்கம் இழுக்கும். அங்கே ஆர் பிடித்தே சுடுங்கள்.

5. 00 நிலையில் டாக்டர் டோக் என்ற விஞ்ஞானியைத் தேடிப் பேச வேண்டும். கதவு திறக்கும் கருவி அவரிடம் இருக்கிறது. கேமை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் டோக்கின் முகமும் பெயரும் அவருக்கு. ஒவ்வொரு முறையும் அவர் வேறு இடத்தில் நிற்பார், ஆகவே ஒரே பாதையை மனப்பாடம் செய்து பயனில்லை.

6. கடைசி அறையில் பெரிய தொட்டிகள். முதலில் பாண்டின் சக உளவாளியான 006-ஐச் சந்தித்துப் பேசி முடியுங்கள். பிறகு ரிமோட் மைன்களைத் தொட்டிகளில் ஒட்டி, தூரம் போய், ஏ, பி இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். வரிசை மாறினால் 006 வெடிப்பில் மாட்டிக்கொள்வார்.

இந்த மிஷனை 00 நிலையில் 2 நிமிடம் 5 வினாடிக்குள் முடித்தால் ‘இன்வின்சிபிள்’ என்ற சாகா வரம் திறக்கும். டோக் எங்கே நிற்பார் என்ற அதிர்ஷ்டமும் சேர வேண்டியிருப்பதால் இது கேமின் கடினமான சவால்களில் ஒன்று. தொடக்கத்திலேயே இதில் இறங்க வேண்டாம். முதலில் டேம் மிஷனைச் சீக்ரெட் ஏஜென்ட் நிலையில் 2 நிமிடம் 40 வினாடிக்குள் முடித்துப் பழகுங்கள். ‘பெயின்ட்பால்’ திறக்கும், தோட்டா பட்ட இடமெல்லாம் வண்ணம் தெறிக்கும்.

மீதி மிஷன்களுக்கு

மொத்தம் 18 மிஷன்கள். எல்லாவற்றையும் ஏஜென்ட் நிலையில் முடித்துவிட்டு மேல்நிலைக்குப் போங்கள். சீக்ரெட் ஏஜென்டில் அனைத்தையும் முடித்தால் ‘ஆஸ்டெக்’, 00-வில் முடித்தால் ‘ஈஜிப்ஷியன்’ என்று கூடுதலாக இரண்டு கிடைக்கும். கதாநாயகி நடால்யா உடன் வரும் இடங்களில் அவள் உயிர்தான் உங்கள் உயிர். குறிப்பாக ‘கன்ட்ரோல்’ மிஷனில் அவள் கணினியில் வேலை செய்யும்போது விட்டு நகராதீர்கள்; எதிரிகளைத் துரத்திக்கொண்டு போனால் திரும்பி வருவதற்குள் மிஷன் போய்விடும்.

நால்வர் சேர்ந்து ஆடும்போது

திரை நான்காகப் பிரியும். எல்லார் பங்கும் எல்லாருக்கும் தெரியும். அடுத்தவர் கட்டத்தைப் பார்ப்பது ஆட்டத்தின் பகுதியே, சண்டை வேண்டாம். ஆனால் ஆட்-ஜாப் பாத்திரத்தை யாரும் எடுக்கக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அவன் குள்ளமாக இருப்பதால் குறி அவன் தலைக்கு மேலே போய்விடும். ஒரே அடியில் சாகும் ‘லைசன்ஸ் டு கில்’ முறையில் தொடங்கினால் புதியவருக்கும் வாய்ப்புண்டு.

கன்ட்ரோலர் வயர்களை நடைபாதையில் விடாதீர்கள். யாராவது தடுக்கினால் செட்டே மேசையிலிருந்து இழுபட்டு விழும். சில இடங்களில் படம் தயங்கித் தயங்கி ஓடும். தலைசுற்றல் வருபவர்கள் திரையிலிருந்து தள்ளி உட்கார்ந்து, மணிக்கொருமுறை எழுந்து நடந்துவிட்டு வர வேண்டும். வீட்டில் யாருக்காவது வலிப்பு நோய் இருந்தால், டாக்டரைக் கேட்காமல் அவர்களை ஆட விடாதீர்கள்.

எடுத்து வைக்கும்போது

1. முதலில் செட்டின் பவர், அதன்பின் சுவர் சுவிட்ச்.

2. முன்பக்கச் சிவப்பு விளக்கு அணைந்ததைப் பார்த்த பிறகே கேசட்டை நேராக மேலே இழுங்கள்.

3. ‘ரம்பிள் பேக்’ மாட்டியிருந்தால் அதில் உள்ள இரண்டு ட்ரிபிள்-ஏ பேட்டரிகளையும் கழற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் கிடந்தால் ஒழுகும்.

4. கேசட்டை மூடியுள்ள டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் மழைக்காலம் முடிந்ததும் அந்தப் பொட்டலத்தை மாற்ற வேண்டும்.